ஊளம்பாறையும் உயிர்காப்பும்



ஊர்ப் பெயர்களுள் சில புகழுக்கு உரியன. சில பயனுக்கு உரியன. ஒரு சில மட்டும் வசைக்கு உரியனவாகிவிட்டன. சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய விரும்புவோர் "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்பர். திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழர் சில நாட்களுக்குள் "ஊளம்பாறை" என்னும் பெயரை அதே பொருளில் கேட்டிருப்பர். வடக்கே சென்றவர் ஆக்ராவையும் ராஞ்சியையும், மும்பைப் பக்கம் சென்றவர் தாணேயையும் அவ்வாறே கேட்டிருக்கக்கூடும். மொழிகள் வேறுபட்டாலும் வசை ஒன்றுதான். ஓர் ஊரில் மனநோய் மருத்துவமனை அமைந்துவிட்டால், அவ்வூரின் பெயரே இகழ்ச்சிச் சொல் ஆகிவிடுகிறது.

இது வெறும் விளையாட்டுப் பேச்சுத்தானே, இதனால் என்ன கேடு விளைந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். துயரம் மிகுந்து, வாழ்வதே பாரம் என்று கருதும் நிலைக்கு வந்துவிட்ட ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். தன் மனத்தில் உள்ளதை அவன் யாரிடம் சொல்வான்? சொன்னால் தனக்கு என்ன பெயர் சூட்டப்படும் என்பதை அவன் சிறு வயதிலேயே கேட்டு அறிந்திருக்கிறான். ஆகவே அவன் வாய் மூடிக்கொள்கிறான். அந்த மௌனமே பல உயிர்களைக் கொண்டுபோகிறது. தற்கொலையைத் தடுக்கும் முயற்சியின் வரலாறு, இந்த மௌனத்தைக் கலைக்க மனிதர் செய்த முயற்சியின் வரலாறேயாகும். அதனை ஊளம்பாறையிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

திருவிதாங்கூரை ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில், 1870ஆம் ஆண்டில், திருவனந்தபுரத்தில் மனநோயாளருக்கென ஒரு காப்பகம் தோன்றியது. அப்போது திவானாக இருந்தவர் சர் டி. மாதவராவ். பேரூர்க்கடைக்கு அருகில் உள்ள ஊளம்பாறையில் இன்று இயங்கும் அரசு மனநல மையம் அந்த ஆண்டையே தன் தொடக்கமாகக் கொண்டுள்ளது. கோழிக்கோட்டில் 1872ஆம் ஆண்டிலும், திருச்சூரில் 1889ஆம் ஆண்டிலும் இத்தகைய நிலையங்கள் ஏற்பட்டன. சென்னையிலோ 1794ஆம் ஆண்டிலேயே இத்தகைய இல்லம் ஒன்று தொடங்கியிருந்தது. கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை 1871ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது.

இந்நிலையங்களைத் தோற்றுவித்தவர்களின் நோக்கத்தில் இரக்கம் இல்லாமல் இல்லை. தெருவில் அலைந்தவருக்கும் சிறையில் அடைபட்டவருக்கும் கூரையும் உணவும் கிடைக்கட்டும் என்பதே அந்நோக்கம். ஆயினும் அக்காலத்து மருத்துவத்திடம் மனநோய்க்கு மருந்து மிகக் குறைவு. மருந்து இல்லாத இடத்தில் மதிலே மருந்தாயிற்று. உள்ளே சென்றவர் திரும்பி வருவது அரிதாகவே, வெளியே நின்றவர் அந்த மதிலைக் கண்டு அஞ்சினர். அந்த அச்சமே நாளடைவில் வசையாக உருமாறியது. 1912ஆம் ஆண்டின் இந்தியச் சித்தசுவாதீனமின்மைச் சட்டம், நோயாளரை மருத்துவமனையில் சேர்ப்பதை நீதிபதியின் ஆணையோடு பிணைத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999ஆம் ஆண்டில் நாட்டின் மனநோய் மருத்துவமனைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, அவற்றுள் பல அப்போதும் சிறைச்சாலையின் அமைப்பிலேயே இருந்ததைக் கண்டது. எனவே மக்களின் அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று நாம் கூறிவிட இயலாது.

மதில் ஒருபுறம் நிற்க, மறுபுறம் சட்டம் நின்றது. 1860ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1862ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. உயிர் பிழைத்தவருக்கு ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சாவை நாடும் அளவுக்குத் துயருற்ற ஒருவரைச் சிறைக்கு அனுப்பினால் அவர் துயரம் தீருமா? இக்கேள்வியை அக்காலத்துச் சட்டம் கேட்கவில்லை. உயிரைப் போக்கிக்கொள்வது பாவம் என்ற இங்கிலாந்தின் பழைய சமய நோக்கு அங்கே குற்றமாகவும் கருதப்பட்டது. அதுவே நம் நாட்டுச் சட்டத்திலும் குடியேறியது.

நம் மொழியும் இதற்குத் துணை நின்றது. "தற்கொலை" என்னும் சொல்லிலேயே "கொலை" அமர்ந்திருக்கிறது. கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது நோய் அன்று, குற்றம்! இதன் விளைவு யாது? முயன்று பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த உறவினர், காவல் நிலையத்துக்கு அஞ்சி, "தவறுதலாக நேர்ந்த விபத்து" என்று கூறினர். விபத்து என்றால் உடலுக்கு மட்டுமே மருத்துவம், மனத்துக்கு இல்லை. காயம் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவர். துயரமும் அவரோடு வீடு திரும்பிவிடும். ஒருமுறை முயன்றவருக்கே மறுமுறை ஆபத்து மிகுதி என்பதை மருத்துவ உலகம் நன்கு அறியும். மிகுதியான உதவி எவருக்குத் தேவையோ, அவரையே சட்டம் மறைந்து வாழச் செய்தது.

இச்சட்டத்தின் தாயகமான இங்கிலாந்திலேதான் முதல் மாற்றமும் தோன்றியது. 1935ஆம் ஆண்டில் லிங்கன் என்னும் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் தம் வாழ்வில் முதன்முறையாக ஓர் இறுதிச் சடங்கை நடத்த நேர்ந்தது. இறந்தவள் ஒரு சிறுமி. பருவமெய்தியதன் அடையாளத்தைக் கொடிய நோய் என்று எண்ணிக் கலங்கி, யாரிடமும் கேட்க இயலாமல், அவள் தன் உயிரை இழந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது பெரிய மருத்துவம் அன்று. அஞ்சாமல் ஒரு கேள்வி கேட்பதற்கு ஒரு செவி மட்டுமே. இந்நினைவு அவரை விட்டு அகலவில்லை. 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லண்டனில் உள்ள தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, வாழ்வை வெறுத்தவர்கள் எந்நேரமும் பேசலாம் என்று அறிவித்தார். சமாரிட்டன்ஸ் என்னும் அமைப்பு இவ்வாறு பிறந்தது.

அங்கே நிகழ்ந்த ஒன்று நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பாதிரியாரைக் காண வந்தவர்கள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்து, அருகே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கச் சில தொண்டர் இருந்தனர். பலர் அத்தொண்டரிடம் மனம் திறந்து பேசிவிட்டு, பாதிரியாரைக் காணாமலே ஆறுதலோடு சென்றுவிட்டனர்! சில மாதங்களுக்குள், 1954ஆம் ஆண்டிலேயே, கேட்கும் பணியைத் தொண்டர்களிடமே அவர் ஒப்படைத்தார். பொறுமையாகக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை என்பதை உலகம் அப்போது உணர்ந்தது. 1961ஆம் ஆண்டில் இங்கிலாந்து, தற்கொலை முயற்சி குற்றம் என்னும் தன் பழைய சட்டத்தையும் கைவிட்டது.

தமிழர் வாழும் நாடுகளிலும் இந்த வழி பரவியது. இலங்கையில் 1974ஆம் ஆண்டில் சுமித்ரயோ என்னும் தொண்டமைப்பு தோன்றியது. சென்னையில் 1986ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சிநேகா அமைப்பைத் தொடங்கினார். இலங்கையின் அனுபவம் தனியே எண்ணத்தக்கது. 1995ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்னும் கொடிய விகிதத்தில் தற்கொலைச் சாவுகள் நிகழ்ந்தன. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாக விற்பனையிலிருந்து அகற்றியது. 1998ஆம் ஆண்டில் முயற்சிக்குத் தண்டனை என்பதையும் நீக்கியது. பத்து ஆண்டுகளுக்குள் அவ்விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. விதி என்று நாம் தலையில் கைவைத்துக்கொள்ளும் ஒன்றை, முயன்றால் பாதியாகக் குறைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தியாவில் சட்டம் மாறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 309ஆம் பிரிவை நீக்கலாம் என்று சட்ட ஆணையம் 1971ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. 1978ஆம் ஆண்டில் அதற்கான மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியும், மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியாகிவிட்டது. அப்பிரிவு செல்லாது என்று 1994ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; செல்லும் என்று 1996ஆம் ஆண்டில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு கூறியது. 2008ஆம் ஆண்டில் சட்ட ஆணையம் தன் பரிந்துரையை மீண்டும் வற்புறுத்தியது. இறுதியில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உயிரை விட முயன்ற எவரும், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மனவழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவரை விசாரித்துத் தண்டிக்கலாகாது. அவருக்குப் பராமரிப்பும் மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அதன் 115ஆம் பிரிவு உரைக்கிறது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதையும் இச்சட்டம் தடை செய்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவுக்கு இடமில்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கும் நோக்கத்தோடு செய்யும் முயற்சி மட்டுமே அங்கே குற்றமாக எஞ்சியிருக்கிறது. ஆகவே "காவல் நிலையம், வழக்கு, சிறை" என்று அஞ்சி உண்மையை மருத்துவரிடம் மறைக்க வேண்டிய தேவை இன்று எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

மீண்டும் கேரளத்துக்கு வருவோம். கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னிற்கும் மாநிலம் அது. எனினும் தேசியக் குற்றப் பதிவகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்திருக்க, கேரளத்தில் 28.5 பேர் இறந்தனர். நம் தமிழ்நாட்டின் நிலையும் மகிழத்தக்கதன்று, அங்கே 25.9. நாட்டின் மொத்தச் சாவுகளுள் குடும்பச் சிக்கல்களும் நோயும் சேர்ந்து பாதியளவுக்குக் காரணமாகப் பதிவாகியுள்ளன. இறந்தோருள் நான்கில் ஒருவருக்கு மேல் நாட்கூலித் தொழிலாளர். இவ்வெண்களைக் கண்டு நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எங்கே நம் கண் செல்ல வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன.

கேரளம் வாளாவிருக்கவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே மருத்துவர்கள் ஊளம்பாறையின் மதிலைக் கடந்து சிற்றூர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் செல்லத் தொடங்கினர். நோயாளர் மருத்துவமனையைத் தேடிச் சென்ற நிலை மாறி, மருத்துவமே நோயாளரைத் தேடிச் செல்லும் நிலை ஏற்பட்டது. 2013ஆம் ஆண்டில் "திசா" என்னும் தொலைபேசி உதவிச் சேவை 1056 என்னும் எண்ணோடு தொடங்கியது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் மக்கள் வீடுகளுக்குள் அடைபட்ட மாதங்களில், மார்ச் இறுதியிலிருந்து ஜூலை வரை, பதினெட்டு வயது நிரம்பாத 66 சிறார் தற்கொலையால் இறந்ததாக முதலமைச்சர் அறிவித்தபோது மாநிலமே திடுக்கிட்டது. சிறார் தாமாகவே அழைத்துப் பேச "சிரி" என்னும் தொலைபேசிச் சேவையைக் காவல்துறை அவ்வாண்டில் தொடங்கியது. மனநலக் குழுவினர் வீடுகளில் தனித்திருந்தோரைத் தாமே அழைத்து நலம் விசாரித்தனர். அத்திட்டத்தின் பெயர் "ஒற்றக்கல்ல, ஒப்பமுண்டு" என்பது. "தனியாக இல்லை, உடன் இருக்கிறோம்" என்பது அதன் பொருள். தேர்வில் தவறிய மாணவருக்காகக் கேரளத்தில் நடைபெறும் மறுதேர்வுக்கும் "சேவ் எ இயர்", அதாவது ஓராண்டைக் காப்பாற்று, என்பதே பெயர். தமிழ்நாட்டின் துணைத்தேர்வும் அதே நோக்கம் கொண்டது. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையே உள்ள காலத்தைச் சுருக்கினால், ஓர் இளம் உள்ளம் இருளில் நிற்கும் நாட்களும் சுருங்கும் அன்றோ?

மதில் தளர்ந்தது, சட்டம் மாறியது, தொலைபேசி ஒலிக்கிறது. எஞ்சி நிற்பது வீடு ஒன்றே. இனி வெளிமாநிலங்களில் வாழும் நம்மைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், தற்கொலை தனிமனிதனின் செயல் மட்டும் அன்று. அவனைச் சமுதாயத்தோடு பிணைக்கும் கட்டுகள் தளரும்போது அது பெருகுகிறது என்று நிறுவ முயன்றார். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவருக்கு இது எளிதில் விளங்கும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியில் தமிழ் வணிகர் பல தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்களுக்குச் சுற்றமும் சங்கமும் உண்டு. ஆனால் நேற்று வந்து கட்டடப் பணியில் சேர்ந்த இளைஞனுக்கு யார் உண்டு? திருமணமாகி வந்து, அண்டை வீட்டாரின் மொழி அறியாமல் நாள் முழுவதும் அடைபட்டிருக்கும் பெண்ணுக்கு யார் உண்டு? நுழைவுத் தேர்வுக்காக வந்து விடுதியில் தங்கியிருக்கும் மாணவனுக்கு யார் உண்டு?

முற்காலத்தில் நாம் கடிதம் எழுதும்போது "இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய அவா" என்று தொடங்குவோம். கடிதம் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. ஆயினும் அந்த வாய்பாடு போகவில்லை. "நலமா?" என்ற வினாவுக்கு "நலம்" என்பதே விடை. அடுத்த வினா பணம் அனுப்பியது பற்றி. அதற்கடுத்தது மதிப்பெண் பற்றி. ஊரில் உள்ளோர் கவலைப்படலாகாதே என்று இங்குள்ளவர் மறைக்கிறார். இங்குள்ளவருக்கு மனம் வருந்தலாகாதே என்று ஊரில் உள்ளோர் கேட்பதில்லை. அன்பினால் எழுந்த மௌனமும் மௌனமே ஆகும்.

இதனைக் கலைப்பது கடினம் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு ஐந்து நாடுகளில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சென்னையும் கொழும்பும் அவ்வாய்வு நடந்த இடங்களுள் அடங்கும். முன்னர் முயன்று பிழைத்த 1,867 பேரை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவினருக்கு அதனோடு ஒரு மணி நேர உரையாடலும், அதன்பின் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தலும். முதற்பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். மற்றப் பிரிவில் 0.2 விழுக்காட்டினரே. ஒன்பது முறை நலம் விசாரித்தது உயிர்களைக் காத்தது!

ஆகவே, உங்கள் வீட்டிலோ விடுதியிலோ ஒருவர் உணவையும் உறக்கத்தையும் இழந்து, பேச்சைக் குறைத்து, தமக்கு அருமையான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போலப் பேசுவாராயின், அதை மிரட்டல் என்றோ நாடகம் என்றோ தள்ளிவிடாதீர்கள். அருகில் அமருங்கள். "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடும் என்று அஞ்சுவோர் உளர்; அது தவறு என்பது ஆய்வில் தெளிந்த உண்மை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் பாரம் குறைந்ததையே உணர்கிறார். அறிவுரை கூறவோ, பிறரோடு ஒப்பிடவோ விரையாதீர்கள். ஆபத்தான பொருள்களை அவர் கைக்கு எட்டாதவாறு அகற்றுங்கள். அவரைத் தனியே விடாமல் உடனிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறகும் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று விசாரிப்பதை நிறுத்தாதீர்கள்.

மொழி தெரியாத ஊரில் யாரிடம் பேசுவது என்ற தயக்கமும் இன்று தேவையில்லை. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை, எந்த மாநிலத்திலிருந்தும் 14416 என்னும் எண்ணில், இரவும் பகலும், கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சென்னைச் சிநேகாவின் எண் 044-24640050. கேரளத்தில் இருப்போர் 1056ஐயும் அழைக்கலாம்.

ஒன்று கூற எஞ்சியுள்ளது. ஒரு வீட்டில் இத்தகைய சாவு நேர்ந்துவிட்டால், அண்டை அயலார் அங்கே செல்லத் தயங்குகின்றனர்; செல்வோரும் காரணம் கேட்டு அவர்களைத் துளைத்து எடுக்கின்றனர். வேறெந்தச் சாவுக்கும் செல்வது போலவே அங்கும் செல்லுங்கள். அடுப்பு எரியாத அவ்வீட்டுக்கு உணவு கொண்டு செல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவருடைய நற்குணங்களைப் பேசுங்கள். காரணம் கேட்காதீர்கள். தாமே காரணமோ என்று பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஏற்கெனவே இரவெல்லாம் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டிருப்பர். அவர்களைத் தனியே விடாமல் இருப்பதும் உயிர்காக்கும் பணியேயாகும்.

ஊளம்பாறையில் இன்று நடைபெறுவது மருத்துவம். கீழ்ப்பாக்கத்தில் நடைபெறுவதும் அதுவே. நோய்க்கு மருத்துவமனை செல்வது இகழ்ச்சி ஆகுமா? அடுத்த முறை இப்பெயர்களுள் ஒன்று வசையாக நம் நாவுக்கு வரும்போது, அதைக் கேட்டுக்கொண்டு நம் வீட்டுப் பிள்ளை ஒன்று அருகே அமர்ந்திருப்பதை நினைவில் கொள்வோமாக. அச்சொல்லை விழுங்கிவிட்டு, அப்பிள்ளையை நோக்கி ஒரு நல்ல வினாவைக் கேட்போமாக. விடை வரும்வரை பொறுத்திருப்போமாக.